அசலைக் காணவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்த பல்செட்டுக்காரர், தரையில் தானே செத்துக் கிடப்பதைப் பார்த்தார்.

கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். வலித்தது. அப்படியானால் கிடப்பது பிரதி.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மனிதப் பிரதித் துறை, கைத்தொழில் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தது. தொழிலாளி செத்தாலும் தொழில் சாகக் கூடாது என்பது கொள்கை. வேண்டாதவர்கள் அதற்கென்று ஒரு படிவம் நிரப்பித் தரலாம் என்றார்கள். அந்தப் படிவம் அச்சாகி வருவதற்குள் பிரதிகள் வீடு வந்து சேர்ந்துவிட்டன. அதே முகம், அதே வழுக்கை, அதே ஞாபகங்கள்.

"ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் படற பாடு போதாதா?" என்று முதல் வாரம் முழுவதும் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பழகிவிட்டது. பிரதி அவளை அண்ணி என்றான். மகள் அவனைச் சித்தப்பா என்றாள். பல்செட்டுக்காரர் தம்பி என்றார். கடையின் பின்னறையில் அவனுக்கு ஒரு கட்டில். பகலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அடுத்தவர்கள் மெல்லுவதற்குப் பல் கட்டினார்கள். ஒருவர் ஆரம்பித்த ஜோக்கை இன்னொருவர் முடித்து வைப்பார். இருவரும் சிரிக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஜோக்.

அந்தத் தம்பிதான் இப்போது அச்சு எடுக்கும் வெள்ளை மாவு சிதறிய தரையில் குப்புறக் கிடந்தான்.

பல்செட்டுக்காரர் அழுதுகொண்டே துறைக்குத் தகவல் சொன்னார். அழுததில் தப்பில்லை.

துறையின் துப்பறியும் அதிகாரியைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அதை வைத்து அவர் தடயம் எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. துறையின் விதிப் புத்தகத்தில் முக்கியமானதெல்லாம் பொடி எழுத்தில் இருப்பதால், அதைப் படிப்பதற்காக வைத்திருந்தார்.

வந்தவர் பிணத்தைத் தாண்டிப் போய், பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க சார். செத்தது பிரதின்னா கொலைங்கற பேச்சே இல்ல. தேய்மானம். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சது."

"தேய்மானமா? கூடப் பிறந்த தம்பி மாதிரி சார் அவன்."

"அந்த 'மாதிரி'க்கெல்லாம் படிவத்துல இடம் இல்ல சார். குதிகாலைப் பார்த்துட்டா போதும்."

பிரதிகளின் வலது குதிகாலில் துறை முத்திரை குத்தியிருக்கும். உதவியாளர் பிணத்தின் செருப்பைக் கழற்றினார். 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று ஊதா வட்டத்துக்குள் தெளிவாக இருந்தது.

"சரி, பிரதிதான். இப்ப உங்க காலையும் ஒரு தடவை காட்டிடுங்க. சும்மா சம்பிரதாயம்."

பல்செட்டுக்காரர் தயங்கினார். அவர் குதிகாலிலும் அதே முத்திரை இருந்தது.

பிரதியை வாங்கப் போன அன்று முத்திரை எழுத்தர் செய்த வேலை அது. இந்தத் துறைக்கு மாற்றலாகி வரும் முன் அந்த எழுத்தர் முப்பது வருடம் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தியவர். அசலும் நகலுமாக முன்னால் வந்தால், இரண்டிலும் டப் டப் என்று குத்தாமல் அவர் கை ஓயாது. "ஐயா, நான் அசல்!" என்று பல்செட்டுக்காரர் அன்றைக்கே கத்தினார். "ஒரு முத்திரை கூட இருந்தா என்ன கெட்டுப் போச்சு? ஒண்ணுகூட இல்லாம எத்தனை பேர் அலையறாங்க தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, குத்திய இரண்டு கால்களையும் இரண்டு எண்களில் பதிவேட்டில் ஏற்றினார் அவர்.

பூதக்கண்ணாடி அந்தக் குதிகாலை நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"உட்காரு" என்றார்.

"சார்?"

"ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு செத்துக் கிடக்கு, ஒண்ணு நிக்குது. அசல் எங்க?"

"நான்தான் சார் அசல்."

"எல்லாப் பிரதியும் இதைத்தான் சொல்லும். அசலைக் கொன்னு எங்க போட்டே?"

பிரதி ஒன்று அசலைக் கொன்றால் அதற்குத் தண்டனை, ரத்து. துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அதற்கென ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு ஊசி. மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. ஆனால் மனுவில் அசல்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, தன்னைத்தானே கொன்ற குற்றத்துக்காகப் பல்செட்டுக்காரர் அன்று மதியமே கைதானார்.

* * *

விசாரணை அறைச் சுவரில் 'நீங்கள் நீங்கள்தானா? உறுதி செய்துகொள்ளுங்கள்!' என்று ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. பல்செட்டுக்காரர் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் உறுதி செய்துகொண்டார்.

"சார், என் வாயைப் பாருங்க. கீழ வலது கடைவாய்ப்பல் எனக்குக் கிடையாது. எடுத்துப் பத்து வருஷம் ஆச்சு. இது நானே கட்டின பல். தம்பிக்கு அந்த இடத்துல சொந்தப் பல்லு இருக்கும். புதுசா வளர்த்த உடம்பு சார், பழைய உடம்புல பல்லு எடுத்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

பூதக்கண்ணாடி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு படித்துக் காட்டினார்: "அசலாக நடிக்கும் நோக்கத்துடன் தன் பல்லைத் தானே பிடுங்கியுள்ளது. பத்து வருடத் திட்டம்."

"பிரதித் திட்டம் வந்தே மூணு வருஷம்தானே சார் ஆகுது?"

"அதான் சொல்றேன், எவ்வளவு பெரிய சதின்னு."

பல்செட்டுக்காரர் அடுத்ததற்குப் போனார். "தம்பி எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு சார்."

துப்பறியும் அதிகாரிக்கு இது கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. துப்பறிவது அவர் வேலை. ஆனாலும் பெருந்தன்மையாக, "சொல்லு" என்றார்.

"அவன் இடது கையில ஊசி குத்தின தடம் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. திங்கட்கிழமை மத்தியானம் உங்க ஆளுங்க உயிர்ச் சரிபார்ப்புக்கு வந்திருக்காங்க. நான் ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குப் பல் மாட்டப் போயிருந்தேன்."

உயிர்ச் சரிபார்ப்பு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. பிரதி உயிரோடுதான் இருக்கிறதா, வேறு யாராவது அதன் பெயரில் நடமாடுகிறார்களா என்று பார்க்க ஒரு மருந்தை ஏற்றுவார்கள். இதயம் குதிரை போலத் துள்ளும். துள்ளினால் 'உள்ளது' என்று எழுதுவார்கள். ஒரு ஊசிக்கே ஆள் இரண்டு நாள் சுருண்டு படுத்திருப்பான்.

"பதிவேட்டுல எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு எண் இருக்கு. போன தடவையெல்லாம் எனக்கும் ஒரு ஊசி போட்டாங்க. வந்தவருக்கு ரெண்டு பேரைச் சரிபார்த்தாகணும். கடையில இருந்தது ஒருத்தன். ரெண்டு எண்ணுக்கும் ஒரே கையில போட்டிருக்கார். அதான் சார் கொன்னுடுச்சு. பதிவேட்டை எடுத்துப் பாருங்க!"

பதிவேடு வந்தது. முதல் எண், மூன்று மணி பத்து நிமிடம், உள்ளது. இரண்டாம் எண், மூன்று பதினைந்து, உள்ளது.

பூதக்கண்ணாடியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவை உயிரோட இருக்குன்னு துறை எழுதிக் கொடுத்திருக்கு. எந்தக் கொலைகாரனாவது இப்படி எழுதிக் கொடுப்பானா? அதுக்கு மேலயும் ஒருத்தன் சாகறான்னா, அது அவனோட சொந்த விஷயம்."

"அந்த ஊசிதான் சார் கொன்னுது!"

"ஊசி கொன்னிருந்தா 'இல்லை'ன்னு எழுதியிருப்பாங்கல்ல? எங்க ஆளுங்க பொய் எழுத மாட்டாங்க."

முத்திரை எழுத்தரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அசலுக்கு முத்திரை குத்தும் தவறு எப்போதாவது நடந்ததுண்டா என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"தவறுப் பதிவேட்டுல என் பேர்ல ஒரு வரிகூட இல்லீங்க" என்றார் எழுத்தர்.

"அந்தப் பதிவேடு யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதாங்க."

"பொறுப்பான மனுஷன்" என்று பூதக்கண்ணாடி குறித்துக்கொண்டார்.

* * *

அடுத்து அசலின் பிணத்தைத் தேடும் படலம். கடையின் தரையை மூன்றடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். பிணம் கிடைக்கவில்லை. ஆனால் பரணில் இருநூற்றுப் பதினான்கு தாடைகள் கிடைத்தன. வாடிக்கையாளர்களின் வாயில் எடுத்த மாவு அச்சுகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது.

அன்று மாலை பூதக்கண்ணாடி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, நாட்டையே உலுக்கும் தொடர் கொலை ஒன்று வெளிவந்திருப்பதாக அறிவித்தார். இறந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும் மறுநாளே துறை வாசலில் வரிசையில் நின்று சத்தம் போட்டார்கள். தான் சாகவில்லை என்பதை எழுத்து மூலமாக நிரூபிக்கச் சொன்னதும், எழுபது வயது ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் பூதக்கண்ணாடியின் பேனாவைப் பிடுங்கி இரண்டாகக் கடித்துத் துப்பினார்.

"அவர் கட்டின பல்லு. இன்னும் சந்தேகம் இருந்தா விரலை நீட்டு" என்றார்.

அவரை மட்டும் உயிரோடிருப்பவராக ஏற்றார்கள். மற்றவர்கள் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது.

பிறகு எல்லா நாளிதழ்களிலும் 'அசலைக் காணவில்லை' என்று பல்செட்டுக்காரரின் படத்தோடு விளம்பரம் வந்தது. தகவல் தருவோர் தரலாம் என்றது. தேநீர் கொண்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஓடிப் போய், "சார், இந்த ஆளு நம்ம விசாரணை அறையிலதான் உட்கார்ந்திருக்காரு!" என்றார். அவரை எச்சரித்து அனுப்பினார்கள். முப்பது நாள் கழித்து, 'தேடியும் கிடைக்கவில்லை' என்ற சான்றிதழ் முறைப்படி வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. பக்கத்திலேயே இருந்ததால் பல்செட்டுக்காரர்தான் போட்டார்.

மனைவி ஒரு நாள் விடாமல் வந்தாள்.

"என்னங்க இப்படித் துரும்பா இளைச்சுட்டீங்க?" என்று ஆரம்பித்தவள், பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "பதிமூணு வருஷம் இவரோட குடும்பம் நடத்தியிருக்கேன். என் புருஷன் யாருன்னு எனக்குத் தெரியாதாய்யா?"

"தெரியும்மா. ஆவணம் இருக்கா?"

"தூங்கினா வீடே அதிரற மாதிரி குறட்டை விடுவார்."

"பிரதியும் விடும்."

"கடைக்கு அனுப்பினா எதுக்குப் போனோம்னு மறந்துட்டு வந்து நிப்பார்."

"துறையே மறக்கும்மா. அதெல்லாம் அடையாளமா?"

"உன் பொண்டாட்டி உன்னை எப்படிய்யா கண்டுபிடிக்கிறா?"

"அடையாள அட்டையை மாட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள போவேன்" என்றார் பூதக்கண்ணாடி. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

* * *

வழக்கு ஆணையரிடம் போனது. பெரிய மனிதர். பெரிய மேசை. பல்செட்டுக்காரரையும் மனைவியையும் எதிரே நிற்க வைத்து, கண்களில் ஈரம் தெரியப் பேசினார்.

"அம்மா, இது மனிதாபிமானத்தால ஆன துறை. ஒரு குடும்பம் அசல் இல்லாம தவிக்கறதை என்னால பார்க்க முடியாது. பத்திரம் தொலைஞ்சா மாற்றுப் பத்திரம் கொடுக்கிறோம். மனுஷன் தொலைஞ்சா விட்டுடுவோமா? மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த உங்க கணவரோட உடல் மாதிரியும் ஞாபகப் பதிவும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. அதுல இருந்து ஒரு மாற்று அசல் எடுத்துத் தர்றோம். அதுக்கு முத்திரை குத்த மாட்டோம். முத்திரை இல்லாததால அதுதான் அசல்."

"அசல் இதோ நிக்கிறாரே!" என்றாள் மனைவி.

"நிக்கலாம். நான் மறுக்கலையே? எனக்கே அப்படித்தான் தோணுது. பல்லு, ஊசி எல்லாம் படிச்சேன். ரொம்ப நியாயமான வாதம். ஆனா யோசிச்சுப் பாருங்க. இவர் அசல்னா முத்திரை தப்பு. முத்திரை தப்புன்னா பதிவேடு தப்பு. பதிவேடு தப்புன்னா, இந்த நாட்டுல யார் அசல், யார் பிரதின்னு ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் என் குதிகாலைக்கூடக் காட்டச் சொல்வீங்க." ஆணையர் காலை மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். "ஒரே ஒரு உயிருக்காக இத்தனை பேரோட நிம்மதியைக் கெடுக்கிறது மனிதாபிமானமா, சொல்லுங்க?"

"எனக்கு உங்க மாற்றும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

"உங்க விருப்பம்மா. ஆனா அசல் இல்லாத வீட்டுல பிள்ளைங்க வளரக் கூடாதுன்னு விதி இருக்கு. மூணு மாசம் பார்ப்போம். அப்புறம் பொண்ணு துறை விடுதிக்கு வந்துடும். நல்ல விடுதிதான். புது மருந்தெல்லாம் முதல்ல அங்கதான் சோதிச்சுப் பார்க்கிறோம். அவ்வளவு ஆரோக்கியமான பிள்ளைங்க."

பல்செட்டுக்காரர் கேட்டார்: "மாற்று அசல் எப்ப கிடைக்கும் சார்?"

"வழக்கு முடிஞ்ச உடனே. நீ கொலையை ஒத்துக்கிட்டா நாளைக்கே."

"என்னங்க நீங்க!" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள் மனைவி. "ஒத்துக்கிட்டா உங்களை மூணாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஒத்துக்கலைன்னாலும்தான் கூட்டிட்டுப் போவாங்க. பொண்ணாவது வீட்டுல இருக்கட்டும்டி."

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்கள். பிணத்தை எங்கே போட்டேன் என்ற இடத்தில் பல்செட்டுக்காரரின் பேனா நின்றுவிட்டது. செய்யாத வேலையை விவரமாக எழுத அவருக்குப் பழக்கமில்லை.

"கடல்ல வீசினேன்னு எழுது" என்றார் பூதக்கண்ணாடி.

"இங்க சுத்துவட்டாரத்துலயே கடல் இல்லையே சார்?"

"அதனாலதான் எங்களுக்குக் கிடைக்கல."

* * *

மாற்று அசல் மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தயாராக இருந்தது. துவைத்து மடித்த சட்டை, சீவிய தலை. ஒப்படைப்பு அறையில் பல்செட்டுக்காரருக்கு எதிரே அவனை உட்கார வைத்தார்கள். குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவன் மூன்று வருடம் முந்தைய ஞாபகத்தோடு விழித்திருந்தான். பிரதி வாங்க வந்த நாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்தவரை ஆர்வமாகப் பார்த்தான்.

"இதுதான் எனக்கு எடுத்த பிரதியா சார்? என்னைவிட வயசான மாதிரி இருக்கே. சாப்பாடு சரியா போடறதில்லையா?" பிறகு குனிந்து, அன்பாகச் சொன்னான்: "பயப்படாதே தம்பி. எங்க வீட்டுல நல்லா பார்த்துக்குவோம்."

பல்செட்டுக்காரருக்கு அந்த வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. அவர் அன்றைக்குத் தன் பிரதியிடம் சொன்னதும் இதையேதான்.

மகள் உள்ளே வந்தாள். புதியவன் எழுந்து நின்றுவிட்டான். "பாப்பாவா இது? நேத்து என் இடுப்பு உயரம்தானே இருந்தா?"

மனைவிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "வாயை மூடு! யாரு பெத்த பொண்ணை யாரு பாப்பான்னு கூப்பிடறது? முகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு வந்துட்டா ஆச்சா?" என்று அவனைப் பிடி பிடியென்று பிடித்தாள். அவன் காதில் விழாததுபோலக் கூரையைப் பார்த்தான். பதிமூன்று வருடமாக அவள் திட்டும் போதெல்லாம் பல்செட்டுக்காரர் பார்க்கும் அதே பார்வை. தம்பி அப்படிப் பார்க்க மாட்டான், அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவன் தரையைத்தான் பார்ப்பான். பக்கத்து நாற்காலியில் பல்செட்டுக்காரரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தவள் பாதித் திட்டிலேயே நிறுத்திவிட்டாள். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேல் யாரையும் அவள் பார்க்கவில்லை.

மகள்தான் கேட்டாள். "இவரை நான் என்னன்னு கூப்பிடறது?"

"அப்பான்னு கூப்பிடு" என்றார் பல்செட்டுக்காரர்.

"அப்ப உங்களை?"

பூதக்கண்ணாடி உதவிக்கு வந்தார். "இவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது பாப்பா."

அவர்கள் போனார்கள். படிக்கட்டில் மகளின் காலடிச் சத்தம் ஓர் இடத்தில் நின்றது. பிறகு யாரோ இழுத்துப் போகிற சத்தம் கேட்டது.

பூதக்கண்ணாடி கடைசித் தாளை நீட்டினார். பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டிய செய்தி. குற்றவாளி படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். பல்செட்டுக்காரர் படித்தார்: 'துறையின் திறமையான புலன்விசாரணையில் குற்றவாளிப் பிரதி பிடிபட்டது. கொலையுண்டவர் நலமுடன் வீடு திரும்பினார்.'

"எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

பேனாவை வாங்கிக் கீழே தன் பெயரை எழுதினார்.

"என்ன பண்றே நீ?" என்று பதறிப் போனார் பூதக்கண்ணாடி. "அது இப்ப வேற ஒருத்தரோட பேரு. அடிச்சிட்டு உன் எண்ணைப் போடு."

பல்செட்டுக்காரர் அந்தப் பெயரை ஒரே கோடாக, நேராக அடித்தார். பக்கத்தில் எண்ணை எழுதினார். பூதக்கண்ணாடி தாளை வாங்கி, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அடித்த இடத்தில் வைத்துப் பார்த்தார். தாள் திரும்பி வந்தது.

"கீழ எழுத்து தெரியுது. இன்னும் ரெண்டு தடவை நல்லா அழுத்தி அடி."